அழாத பிள்ளைகளின் டின்

குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரோடு நான் செய்த ஒரு காரியத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு முன்னும் நாலைந்து முறை உட்கார்ந்தேன். மயக்கம் கொடுக்கும் முறையை விவரமாக எழுதிவிட்டு, அதோடு எழுந்து போய்விடுவேன். அந்தப் பகுதி எழுதச் சுகமாக இருக்கும். இன்று அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகப் பார்க்கிறேன்.

முதல் உலக யுத்தம் தொடங்க ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். மலாயாவில் கிள்ளானுக்கு வெளியே, நாலைந்து ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து கட்டியிருந்த பலகை ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸர், கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் உதவியாள். வெள்ளைக்கார டாக்டர் துரை திங்களும் வெள்ளியும் மட்டும் வருவார். மற்ற ஐந்து நாளும் நோயாளிகளுக்கு நான்தான் டாக்டர். துரைக்குத் தமிழ் தெரியாது, தோட்டத்து ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியில் நான் படித்த இங்கிலீஷ்தான் இரண்டு பக்கத்துக்கும் பாலம். ஒருவர் சொன்னதில் எவ்வளவு மற்றவரிடம் போக வேண்டும் என்பது என் கையில் இருந்தது. அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

மயக்க மருந்து அந்த நாளில் குளோரோஃபாம். கிண்ணம் போல் வளைத்த கம்பிக்கூட்டின் மேல் ஃபிளானல் துணியைப் போர்த்தி, மூக்குக்கு மேல் பிடித்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குழந்தை என்றால் நாலு பேர் கையையும் காலையும் பிடித்து அழுத்திக்கொள்வது வழக்கம். பயந்த குழந்தை மூச்சை அடக்கிக்கொள்ளும். பிறகு தாங்க முடியாமல் ஒரேயடியாக இழுக்கும். அந்த ஓர் இழுப்பில் நெஞ்சு நின்றுபோனதும் உண்டு. நான் யாரையும் பிடிக்க விடமாட்டேன். கூட்டை முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு, "இதுக்குள்ள ஒரு விளக்கு எரியுது. ஊதி அணைச்சிடு பாப்போம்" என்பேன். பலமாக ஊதுகிற பிள்ளை அதே பலத்தோடு மூச்சை உள்ளே இழுத்துத்தானே ஆக வேண்டும்? பத்தாவது ஊதலுக்குள் தலை சாய்ந்துவிடும். டாக்டர் துரை மற்ற துரைமார்களிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

ஆனால் மயக்கம் தெளிந்த பிறகு வருகிற வலி யாருடைய வேலையாகவும் இல்லை. பெரியவர்களுக்கு அபின் சேர்ந்த மருந்து கொடுப்போம். குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கத் துரைக்குப் பயம், மூச்சு நின்றுவிடும் என்று. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அதோடு, சின்னப் பிள்ளைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தாலும் மறந்துவிடும் என்றும் அவர் நம்பினார். நான் நம்பினேனா என்று கேட்டால், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். துரை வீட்டிலிருந்து வந்த காலி பிஸ்கட் டின் ஒன்று என்னிடம் இருந்தது. மூடியில் ஒரு படம்: பனி மூடிய ஊர், சக்கரமில்லாத வண்டி, அதை இழுத்து ஓடும் நாய். அதில் மிட்டாய் போட்டு வைத்தேன். ஒரு நாள் முழுக்க அழாமல் இருக்கிற பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் மறுநாள் அந்த டின் இருக்கும். அந்தப் பிள்ளை தானும் தின்னலாம், யாருக்குக் கொடுப்பது என்றும் முடிவு செய்யலாம். அழுதால் டின் அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை எல்லாருக்கும் ஒரே சட்டம். ஒரே வாரத்தில் வார்டு அமைதியாகிவிட்டது. துரை உள்ளே வந்து, "இங்கே குழந்தைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

வார்டில் ஓர் ஆயா இருந்தாள். படிக்காதவள், வாயாடி. "ஐயா, நானும் நேத்துலேருந்து இடுப்பு வலியோடத்தான் கூட்டுறேன். அழவே இல்ல. எனக்கு எப்ப டின்னு?" என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்தப் பெண்குழந்தை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பண்டமாரான் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வயது ஏழு. மாட்டு வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போய் விழுந்ததில் வலது கை முழங்கைக்கு மேலே முறிந்திருந்தது. நான் மயக்கம் கொடுத்தேன். "வெளக்கு எங்க? ஒண்ணும் காணோமே" என்று கேட்டுக்கொண்டே ஊதியது. துரை எலும்பைச் சேர்த்தார். கையை மடக்கி, மரச்சிம்பு வைத்துக் கட்டியது நான். மீன்முள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வரிசை தப்பாமல் வரும் என் கட்டு. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். புறப்படும்போது துரை சொன்னார்: "விரல்களைப் பார்த்துக்கொண்டிரு. குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ கட்டைத் தளர்த்திவிடு." நான் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் அது அழவில்லை. கண்ணை அகலத் திறந்துகொண்டு டின்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை டின்னை அதன் பக்கத்தில் வைத்தேன். மூடியைப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா இவ்வளவு பால கொட்டி வச்சிருக்காங்க?" என்றது. ரப்பர் பாலைத்தான் சொன்னது. அது பார்த்த வெள்ளை அதுதான். "மண்டோரு அடிப்பாருன்னுதான் நாய் ஓடுது."

தோட்டத்தில் வேலை வாங்கும் மேஸ்திரிதான் மண்டோர். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நகர்ந்தபோது ஆயா என்னை வாசலில் மறித்தாள்.

"ஐயா, அந்தப் பிள்ளை ராத்திரி பூரா தூங்கல. போர்வையைக் கடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. பாருங்க." போர்வையின் ஓரத்தைக் காட்டினாள். ஈரமாக, பல் பட்டு நைந்திருந்தது. "வெரலு சில்லுனு இருக்கு. தொட்டா துள்ளுது."

"என்கிட்ட நல்லாத்தான பேசிச்சு?"

"டின்ன வச்சிக்கிட்டுப் பேசாம என்ன செய்யும்? நீங்க வெரலப் பாருங்கய்யா. மூஞ்சியப் பாக்காதீங்க."

கட்டிலருகே திரும்பிப் போனேன். "வலிக்குதாம்மா?" என்றேன். "இல்ல ஐயா" என்றது, டின்னின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு. நான் விரல்களைத் தொடவில்லை. கட்டைத் தளர்த்தினால் எலும்பு விலகலாம், திங்கட்கிழமை துரை வந்து கேட்பார் என்று ஓர் எண்ணம். என் கட்டு அவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று இன்னோர் எண்ணம். ஒரு கூட்டுகிற ஆயா எனக்குச் சொல்லித்தருவதா என்றும் இருந்தது. எந்த எண்ணம் எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்று குறிப்பேட்டில் 'வலி இல்லை' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். தாய் வந்தாள். கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றைப் பிள்ளையின் மணிக்கட்டில், கட்டுக்குக் கீழே கட்டினாள். தளர்வாகத்தான் கட்டினாள். நான் அங்கேதான் நின்றேன். "ஏங்கய்யா, வெரலு இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டாள். "எலும்பு முறிஞ்சா வீங்கத்தான் செய்யும்" என்றேன்.

திங்கட்கிழமை பிள்ளை நிஜமாகவே வலி இல்லை என்றது. சந்தோஷமாகச் சொன்னது. துரை போர்வையை விலக்கினார். கை வீங்கி, கயிறு சதைக்குள் புதைந்து மறைந்திருந்தது. விரல்கள் உள்நோக்கி மடங்கி, சாம்பல் நிறத்தில் இருந்தன. துரை ஊசியால் விரல் நுனியைக் குத்தினார். பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. குத்தியது அதற்குத் தெரியவில்லை. கட்டைக் கத்தரித்தார். உள்ளே தோல் கொப்பளித்திருந்தது.

"இது என்ன?" என்று கயிற்றைக் காட்டினார்.

"தாய் நேற்று கட்டியது, சார்."

"இதுதான் காரணம்" என்றார் துரை. நான் பேசவில்லை. அப்போது ஆயா துரையைப் பார்த்தே தமிழில் சொன்னாள்: "கயிறு நேத்துக் கட்டினதுங்க. வெரலு சனிக்கெழமையே சில்லுனு இருந்துச்சு. நான் ஐயாகிட்ட சொன்னேன்."

துரை என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறாள்?"

"தாய் கயிறு கட்டியதைத் தானும் பார்த்தேன் என்கிறாள், சார்."

அந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் இவ்வளவு காலமாயிற்று. ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அவள் என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். வார்டுக்குள் யாரும் கயிறு கட்டக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். எல்லாப் பிள்ளைகளின் கயிறுகளையும் அறுக்கும் வேலை ஆயாவுக்கு வந்தது. ஒவ்வொரு கட்டிலாகப் போய், ஒன்றும் பேசாமல் அறுத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் டின் கேட்கவில்லை. வேலையைத் தவிர எதைப் பற்றியும் பேசவில்லை.

கை பிழைத்தது, விரல்கள் பிழைக்கவில்லை. பறவையின் கால்விரல்கள் மாதிரி மடங்கி இறுகிவிட்டன. அடுத்த ஞாயிறு தாயிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கயிறு இறுக்கிடுச்சு" என்றேன்.

அவள் கத்தவில்லை. "நானா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, மகளின் தொங்கும் காலைப் பிடித்துக்கொண்டு, பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை அங்கேயே இருந்தாள். அந்த மணியை அடித்ததும் நான்தான்.

டின்னை நான் நிறுத்தவில்லை. இதையும் எழுத வேண்டும். விரல்களைத் தொட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டேன், அந்த மட்டும் சரி. ஆனால் அமைதியான வார்டு எனக்கு வேண்டியிருந்தது. பல வருஷம் கழித்து அந்த ஆஸ்பத்திரியை விட்டு, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு தமிழ் டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, துணிமணியோடு டின்னையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. நாலரை வயதுப் பையன் ஒருவன் குடலிறக்கத்துக்கு அறுவை செய்ய வந்தான். பையனைத் தயார் செய்ய வேட்டித்துணியை அவிழ்த்தேன். இடுப்பில் அரைஞாண் கயிறு இல்லை. நம் பிள்ளைகளில் கயிறு இல்லாத இடுப்பை நான் பார்த்ததே கிடையாது. கயிற்றை அறுக்க எடுத்த கத்தரியை வைத்துக்கொண்டு விழித்தேன்.

"எங்க வீட்ல கட்றதில்ல" என்றாள் பையனின் தாய். அவளுடைய வலது கையை அப்போதுதான் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலருகே இருந்த டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் பாதி உரிந்துபோயிருந்தது. இடது கையால் எடுத்துத் திருப்பினாள்.

"பாலு இன்னும் கொட்டித்தான் கெடக்கு" என்றாள். "அந்த நாயி இன்னும் ஓடி முடிக்கல."

அவளே பேசினாள், சாதாரணமாக, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பேசுவதுபோல. "அம்மா செத்து மூணு வருசமாச்சு. என் கை இப்படி ஆனதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவ யாருக்கும் கயிறு கட்டல ஐயா. என் கல்யாணத்துல தாலியத் தட்டுல வச்சு எல்லார்கிட்டயும் கொண்டுபோனாங்க. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டாங்க. அவ மட்டும் கையப் பின்னால கட்டிக்கிட்டா. என் மாமியாரு அதச் சொல்லிச் சொல்லியே என்னக் குத்தும். பெத்தவளே தொடாத தாலின்னு."

"கயிறு காரணம் இல்லம்மா" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"அம்மா வர்றதுக்கு முன்னாடியே உயிர் போற மாதிரி வலிச்சுச்சே. நாந்தான் சொல்லல. சொன்னா டின்னு பக்கத்துச் சீனப் பையன் கட்டிலுக்குப் போயிடும்." சிரிக்கப் பார்த்தாள். "அம்மாகிட்ட எத்தனையோ தடவ சொல்லிடலாம்னு பாத்தேன். மிட்டாய்க்காகக் கைய வித்தியாடின்னு கேட்டுட்டா? அவ மனசுல அவ தப்பு. என் மனசுல என் தப்பு. ஒரே வீட்லதான் இருந்தோம்."

நான் செய்த ஒரு தப்பை இரண்டு பேர் எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். எனக்கு மிச்சமாக ஒன்றும் வைக்கவில்லை. நல்ல பெயர்தான் மிச்சம்.

"ரெண்டு பேர் தப்பும் இல்ல" என்றேன். "கட்டு நான் கட்டினது. வெரலப் பாத்துக்கன்னு துரை என்கிட்டத்தான் சொன்னாரு. சில்லுனு இருக்குன்னு ஆயா சனிக்கெழமையே வந்து சொன்னா. நான் பாக்கல. அப்புறம் கயித்து மேல பழி வந்தப்ப வாய மூடிக்கிட்டேன். ஆயா சொன்னதயும் துரைகிட்ட மாத்திச் சொன்னேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ராத்திரில வந்து என் கால அமுக்கி விடுவாங்களே, அந்த ஆயாவா?"

"ஆமா."

"அவங்க சொன்னாங்களா?" என்று தனக்குள்ளே ஒரு முறை சொல்லிக்கொண்டாள். பிறகு பையனின் தலையைத் தடவியபடி, "இவனுக்கு மயக்கம் தெளிஞ்சா வலிக்குமா?" என்றாள்.

"வலிக்கும்."

"அப்ப அழட்டும். அழுதா டாக்டர்கிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"அப்படியே சொல்லுவீங்களா?"

"அப்படியே சொல்றேன்."

பையன் நன்றாக ஊதினான். அறுவை நல்லபடி முடிந்தது. மத்தியானம் மயக்கம் தெளிந்தபோது எல்லாப் பிள்ளைகளையும் போல அவனுக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. நான் பீங்கான் சட்டி எடுக்கத் திரும்புவதற்குள், அவள் டின்னைப் பிடுங்கி மிட்டாய்களைத் தரையில் கொட்டிவிட்டு, மகனின் வாய்க்கு நேரே பிடித்தாள். மடங்கிய வலது கை அவன் பிடரியைத் தாங்கியிருந்தது. வாந்தி எடுக்க எடுக்கத் தையல் போட்ட இடம் இழுத்து, பையன் அலறினான். "அழு ராசா. நல்லா அழு" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர், "கொஞ்சம் அடக்கும்மா, தலை வெடிக்குது" என்றார். "உங்க தலை அப்புறம் வெடிக்கட்டும் அண்ணே" என்றாள்.

நான் டாக்டரிடம் போனேன். "பையனுக்கு வலி தாங்க முடியல, சார்."

"குழந்தைதானே. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவான்."

"தூங்க மாட்டான். மருந்து வேணும்."

"இத்தனை வருஷம் நீங்கள் இப்படி வந்து கேட்டதில்லையே?"

"கேட்டிருக்கணும், சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தார். மிகச் சின்ன அளவு, சில துளிகள். மூச்சு குறைந்தால் உடனே தன்னைக் கூப்பிட வேண்டும் என்றார். மருந்தைக் கொடுத்துவிட்டுப் பையனின் நெஞ்சில் கையை வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். குறிப்பேட்டில் 'வலி அதிகம், நெடுநேரம் அழுதான்' என்று எழுதினேன். அவ்வளவு சின்ன வேலைதான் அது. எத்தனை பிள்ளைகளுக்கு அதைச் செய்யாமல் விட்டேன் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

டின்னைக் கழுவி வெயிலில் வைத்தேன். நாற்றம் முழுக்கப் போகவில்லை. நான் வேலையை விடும்வரை பிள்ளைகள் வாந்தி எடுக்கத்தான் அது பயன்பட்டது.

தையல் பிரித்து வீட்டுக்குப் போகிற நாள், அவள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு என்னிடம் வந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் வாங்கியிருந்தாள். கறுப்பு அரைஞாண் கயிறு.

"கட்டலாம்தான ஐயா?"

"கட்டலாம்மா. புண்ணுல படாம, இடுப்புல கட்டலாம்."

"எனக்கு முடிச்சுப் போட வராது" என்று கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. முடிச்சுப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பையனை மேசைமேல் நிறுத்தினேன். கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கூசுகிறது என்று அவன் நெளிந்து சிரித்தான். அவள் குனிந்து, கயிற்றுக்கும் இடுப்புக்கும் நடுவே இடது கை விரலை விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தளத்துங்க" என்றாள்.

முடிச்சை அவிழ்த்து, தளர்த்திக் கட்டினேன்.